டச்சஸுக்கு வைத்த ஈரல்

நல்ல ஈரலைக் குப்பையில் போட எனக்கு மனம் வருவதில்லை. டாஸ்மேனியாவில் எங்களைப் போன்ற பண்ணைக்காரர்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு அவ்வப்போது ஒரு ஆட்டை அறுப்போம். நாடாப்புழு பரவும் என்பதால் ஈரல், குடல் எதையும் நாய்க்குப் போடக் கூடாது என்பது சட்டம். நான் சட்டத்தை மதிப்பவள். பூனையைப் பற்றிச் சட்டம் வாயே திறக்கவில்லை. ஆகவே பூனைக்குப் போட்டேன்.

பூனை அடுத்த பண்ணைக்காரர் ஆத்தலுடையது, அதன் பெயர் டச்சஸ். மனைவி இறந்தபின் அவருக்கு டச்சஸ்தான் உலகம். வேலிக்கு இந்தப் பக்கம் நான் ஒருத்தி இருப்பது அவர் கண்ணில் பட்டதேயில்லை. நான் உறையவைத்து எடுத்துப் போட்ட ஈரலுக்காக டச்சஸ் தினமும் வேலி தாண்டினாள். அவளைத் தேடி வந்த ஆத்தல் தேநீர் குடிக்காமல் போனதில்லை.

சில மாதங்களில் டச்சஸின் கழுத்து விறைத்தது. முதுகை நக்கக்கூட முடியவில்லை. மருத்துவரிடம் காட்டிவிட்டு ஆத்தல் நேரே என் சமையலறைக்கு வந்தார்.

"மெர்ல், ஈரல் குடுக்கறீங்களான்னு டாக்டரம்மா கேக்கறாங்க. வைட்டமின் ஏ கண்ணுக்கும் தோலுக்கும் கொஞ்சம் வேணுமாம். தெனம் ஈரல் தின்னா அது மிஞ்சிப்போயி கழுத்தெலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குமாம். இப்பவே நிறுத்தினா பொழைச்சுக்குவாளாம். நீ ஏதாச்சும் போட்டியா?"

"எனக்கே ஒழுங்கா சமைச்சுக்கறதில்ல, உன் மகாராணிக்கு விருந்து வைக்கறேனாக்கும். இங்க விட்டுட்டுப் போ, நான் பாத்துக்கறேன்."

அவர் சிரித்தார். அழகாகச் சிரிப்பார்.

என் அடுப்போரம் அவளுக்குப் படுக்கை போட்டேன். ஆத்தல் மாலைதோறும் பார்க்க வந்தார். ஈரலை நான் நிறுத்தவில்லை. குணமானால் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவாரே. கிண்ணத்துக்குக் குனிய முடியாமல் போனபோது கையால் ஊட்டினேன். இப்படியொரு பக்கத்து வீட்டுக்காரி யாருக்குக் கிடைப்பாள்? குளிர்காலத்தில் டச்சஸ் போய்ச் சேர்ந்தாள். ஆத்தல் என் மேசையில் தலைவைத்து அழுதார். எனக்கும் துக்கம்தான், இனி எதைச் சாக்கிட்டு வருவார் என்று.

ஆக, பூனையைக் கொன்றது நான்தான். பிராணிவதைத் தடுப்பு அதிகாரி நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஆத்தலிடம் இப்போது சொல்ல வேண்டாம். சோகத்தில் பாதியாக இளைத்துவிட்டார். தனிக்கட்டை, கவனிக்க ஆள் வேண்டாமா? தினமும் வெங்காயம் போட்டு வதக்கி, நான்தான் ஊட்டாத குறையாகச் சாப்பிட வைக்கிறேன். நேற்று, "மெர்ல், தலை இடிக்குது, எலும்பெல்லாம் நோவுது, இங்கயே படுத்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

உள்ளேதான் தூங்குகிறார். கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், ஐயா. அடுப்பில் ஈரல் இருக்கிறது, நான் போய்க் கிளற வேண்டும்.