அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில்

— அவகிட்டச் சொல்லு வசிதி, பெட்ரோல் ஊத்தியாச்சு, படகு தண்ணியிலதான் நிக்குதுன்னு.

— நீங்க கத்தின கத்துல பாறையடியில இருக்கற மீனுக்கே கேட்டிருக்கும். உங்க தங்கச்சிக்குக் கேக்காதா? நீங்க முன்வாசல்ல, அவ பின்வாசல்ல. நடுவுல இருக்கறது ஒரு மூங்கில் தட்டி.

— கேக்கறது வேற, சொல்றது வேற. நீ சொல்லு.

— என்னத்தச் சொல்ல. ஏய் அகனிசி, உங்கண்ணன் படகைத் தயார் பண்ணிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணுமாம்.

— கேட்டேன், கேட்டேன். எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்க அண்ணி.

— ஒண்ணுமில்லையாம்.

— ஒண்ணுமில்லாமலா காலையில டீக்கோப்பை கையை விட்டு நழுவிச்சு? ஒண்ணுமில்லாமலா ஜெபத்துல பாட்டு பாதியில குழறிச்சு? கேளு அவளை.

— நீங்களே கேளுங்களேன். கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்குள்ள கால் வச்ச அன்னியிலேர்ந்து உங்க ரெண்டு பேர் பேச்சையும் நான்தான் சுமக்கறேன். எங்க ஊர்ல அண்ணன் தங்கச்சி ரெண்டு வார்த்தை பேசினா வானம் இடிஞ்சு விழறதில்ல. இந்தத் தீவுலதான் அண்ணனுக்கு மீசை முளைச்சதும் தங்கச்சியோட பேச்சு நின்னுடுது.

— அது மரியாதை. எங்க அப்பாவும் அத்தையும் ஒரு வார்த்தை பேசினதில்ல. அத்தை செத்த அன்னிக்குத்தான் அப்பா பக்கத்துல போய் உக்காந்தாரு.

— நல்ல நேரம் பாத்துத்தான் உக்காந்திருக்காரு.

— அண்ணி, எங்கண்ணனைத் திட்டாதீங்க. திட்டணும்னா என்னைத் திட்டுங்க. நாத்தனார் எதுக்கு இருக்கேன்? உங்ககிட்டத் திட்டு வாங்கறதுக்குத்தானே ஆண்டவர் என்னைப் படைச்சாரு.

— உன்னைத் திட்டி என் வாய்தான்டி வலிக்குது. உறைக்கவா போகுது? ஆமைத்தோலு.

— ஆமையோ நண்டோ, பாத்துக்கோங்க, இப்ப நல்லாத்தானே பேசறேன்? இந்தாங்க, கையைத் தூக்கறேன். ரெண்டு கையும் தூக்கறேன். பல்லைக் காட்டறேன்.

— இருக்கறதே நாலு பல்லு. ஏங்க, கையைத் தூக்கறா, சிரிக்கறா, எல்லாம் சரியாத்தான் இருக்கு.

— இப்ப இருக்கும். காலையில இல்லியே. வாய் இழுத்துக்கிச்சே.

— அண்ணி, ஒண்ணு கேளுங்க. என் வாய் இழுத்ததை அண்ணன் எப்படிப் பாத்தாரு? என் முகத்தை அவர் பாக்கக்கூடாதே. வழக்கம் வழக்கம்னு சொல்றவரு, ஜெபத்துல கண்ணைத் திறந்து வச்சிருந்தாரா?

— மாட்டிக்கிட்டீங்களா? பதில் சொல்லுங்க.

— பாக்கல. கேட்டேன்.

— வாய் இழுக்கறதைக் காதாலயா?

— ஆமா, காதாலதான். மேல்குரல் பாடறது அவதானே. காலையும் சாயங்காலமும் அந்தக் குரலை மட்டும்தான் கேக்கறேன். அவகிட்டேர்ந்து எனக்குன்னு வர்றது வேற என்ன இருக்கு? இன்னிக்கு ரெண்டாவது சரணத்துல குரல் வழுக்கிச்சு. பெட்ரோல்ல தண்ணி கலந்தா எஞ்சின் இருமுமே, அந்த மாதிரி. ஆயுசு பூரா கப்பல் எஞ்சினுக்குப் பக்கத்துல படுத்தவன் நான். எங்க தப்புதுன்னு தூக்கத்துலயே தெரியும். இது பக்கத்துல பாடற குரல், தெரியாதா எனக்கு?

— சரி, சரி, சத்தம் போடாதீங்க.

— அங்க என்ன சத்தம்?

— மூக்கைச் சிந்தறா.

— அழலைன்னு சொல்லுங்க அண்ணி. வெங்காயம்.

— வெங்காயம் நான் உரிக்கறேன், இவளுக்குக் கண்ணு கலங்குதாம். தள்ளி உக்காரு, அடுப்புப் புகை எல்லாம் என் தலைக்குள்ளதான் போகுது. விடிஞ்சதுலேர்ந்து தலை கனக்குது.

— வசிதி, போன மாசம் சர்ச்சுல வச்சு நர்ஸ் சொன்னாளே, அதை அவளுக்கு எடுத்துச் சொல்லு. வயசானா ரத்தக்குழாய் விறைச்சுப்போகுது. வெயில்ல கிடந்த ரப்பர் பைப் மாதிரி. விறைச்ச பைப்புல தள்ளணும்னா பம்பு இன்னும் பலமா அழுத்தணும். அழுத்தி அழுத்தி இதயமே தடிச்சுப்போகுது. அப்புறம் ஒருநாள் தாளம் தப்புது. தாளம் தப்பினா ரத்தம் ஒரு மூலையில தேங்கிக் கட்டியாகுது. அந்தக் கட்டி மேல ஏறிப்போய் மூளைக்குள்ள ஒரு குழாய்ல அடைச்சுக்கிச்சுன்னா, கை போச்சு, நாக்கு போச்சு. சொல்லு.

— இவ்வளவையுமா?

— சுருக்கிச் சொல்லு.

— அகனிசி, நீ பழைய எஞ்சினாம்.

— சொல்லுங்க அண்ணி, அவரு புது எஞ்சினான்னு கேளுங்க. சொசைட்டிக் கடை வரைக்கும் நடந்துட்டு வந்து மூச்சு வாங்கறது யாராம்?

— சிரிக்காதீங்க ரெண்டு பேரும். அந்த அடைப்பு சிலசமயம் தானா விலகிடும்னு நர்ஸ் சொன்னா. விலகினதும் ஆளு எழுந்து உக்காந்து எனக்கு ஒண்ணுமில்லைம்பாங்களாம். அதுதான் மோசமாம். ஒண்ணுமில்லைன்னு வீட்ல உக்காந்திருக்கறவங்களுக்குத்தான் பெரிசா வருமாம், அன்னிக்கோ மறுநாளோ. இவளுக்கு இன்னிக்கு வந்தது அதுதான். சொல்லு அவகிட்ட. பயமா இருக்குன்னு சொல்லு.

— கேட்டியாடி?

— கேட்டேன்.

— எழுந்திரு அப்ப.

— அம்மாவை இதே மாதிரிதான் படகுல ஏத்தினாங்க. இதே துறையிலதான். நான் தண்ணியில இறங்கி அம்மா காலைப் பிடிச்சு ஏத்திவிட்டேன். திரும்பி வந்தது பெட்டிதான். அதை ஞாபகப்படுத்துங்க அண்ணனுக்கு.

— ஏங்க, அவங்கம்மா...

— எனக்கும் அம்மாதான் அது. அம்மா எப்படிச் செத்தான்னு அவளுக்கு மறந்துபோச்சா? சித்தப்பா பொண்ணு கல்யாணத்துல எல்லாரும் கவா வேரை இடிச்சுக் கரைச்சுக் குடிச்சாங்க. அம்மாவும் குடிச்சா. கவா குடிச்சா உதடு மரத்து நாக்கு தடிக்கும், யாருக்குத் தெரியாது? அம்மாவுக்கு நாக்கு குழறினதும் கவாவாலன்னாரு அப்பா. தூங்கினா தெளியும்னாரு. ஊரே சிரிச்சுது. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் தெளியல. அப்புறம்தான் படகு. அம்மாவைக் கொன்னது ஆஸ்பத்திரி இல்ல, பாயில போட்டு வச்சிருந்த அந்த ஒருநாள். இதைச் சுருக்காதே. அப்படியே சொல்லு.

— அவளுக்கு எல்லாம் கேட்டுச்சு.

— சொல்லு வசிதி.

— ஆண்டவரே. சொல்ல வேண்டாம் அண்ணி. கேட்டுச்சு.

— அப்புறம் என்ன முகத்தைத் திருப்பிக்கறே?

— ஞாயித்துக்கிழமை நாலு ஊர்ப் பாட்டுக்குழுவும் சர்ச்சுக்கு வருது. மேல்குரலுக்கு யாரு இருக்கா? நம்ம குழுவுல இருக்கற சின்னப் பொண்ணுங்களா? உச்சிக்குப் போனா பூனை வாலை மிதிச்ச மாதிரி கத்துதுங்க.

— கத்திட்டுப் போகட்டும்டி. பிஜி பூரா சுத்தினாலும் உன்னை மாதிரிப் பிடிவாதக்காரி கிடைக்கமாட்டா.

— இப்படிச் செய்யுங்களேன். உங்க பிரஷர் மாத்திரையில எனக்கு ஒண்ணு குடுங்க. அதைப் போட்டுட்டுப் படுத்துக்கறேன். அடுத்த வாரம் போய்க்கலாம்.

— என்கிட்ட எங்கடி இருக்கு? சரக்குக் கப்பல் வரலைன்னு மாத்திரையும் வரல. இருந்ததை உங்கண்ணனுக்குக் குடுத்துட்டு வர்றேன்.

— என்ன சொன்னே? நீ தினமும் என் தட்டுப் பக்கத்துல வைக்கறது உன்னோடதா?

— என்னோடது என்ன, உங்களோடது என்ன. ஒரே வியாதி, ஒரே மாத்திரை. உங்களுக்குத்தான் நெஞ்சு படபடங்குதுன்னு ராத்திரி எழுந்து உக்காந்துக்கிட்டீங்க.

— அப்ப நீ எதைப் போடறே?

— எனக்கு என்ன. கல்லு மாதிரி இருக்கேன்.

— கல்லா? நீ படியேறறப்போ முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில உனக்கும் பாத்துட்டு வந்துடலாம். ஆனா முதல்ல அவ கிளம்பணும். தண்ணி வத்த ஆரம்பிச்சுடுச்சு. இன்னும் கொஞ்சம் வத்தினா பாறைக்கு நடுவுல படகு போகாது. அப்புறம் சாயங்காலம்தான். அவ்வளவு நேரம் இருக்கோ இல்லியோ.

— அகனிசி, தண்ணி வத்துதாம்.

— வத்தட்டும். நான் எப்படி ஏறுவேன் அந்தப் படகுல? இத்துனூண்டு படகு. அண்ணன் எஞ்சின்கிட்ட உக்காருவாரு. நான் படகோட முன்முனையில உக்காரணும். அலை அடிச்சா அவர்மேல போய் விழறதா? போற வழியில வாந்தி வந்தா யாருகிட்டச் சொல்றது?

— கேட்டீங்களா? படகுல யாருகிட்டச் சொல்றதுங்கறா.

— நீ நடுவுல உக்காரு.

— நானா? படகுலயுமா?

— வேற யாரு? ஊர்ல எல்லாரும் தோட்டத்துக்குப் போயிட்டாங்க.

— கடல்லயாவது எனக்கு விடுதலை கிடையாதா? மரவள்ளி பாதிகூட வேகல. தேங்காய் துருவித் துருவி இந்தக் கை மரத்துப்போயிடுச்சு. மடக்கினா மடங்க மாட்டேங்குது. நான் போய் அலையில நனைஞ்சு, அவ வாந்தி எடுக்கறாளாம், அவர் கேக்கறாராம்னு கத்திக்கிட்டே போகணும்.

— அண்ணி, உங்களுக்குக் கஷ்டம்னா வேண்டாம். நான் போகல.

— அப்படிப் பழியைத் தூக்கி என் தலையில வை. நாளைக்கு நீ சாய்ஞ்சா ஊர் என்ன பேசும்? மரவள்ளிக்காக நாத்தனாரைக் கொன்னாங்கும்.

— நல்ல மரவள்ளின்னா பரவாயில்ல. உங்க சமையலுக்கா சாகறது?

— போடி. வாயைப் பாரு. ஏதாவது ஊமை வீட்ல வாக்கப்பட்டிருக்கணும் நான்.

— வசிதி, என்ன முடிவாச்சு? பேசிப்பேசியே தண்ணியை விட்டுடுவீங்க போலிருக்கே.

— இருங்க. கொஞ்சம் உக்காந்துக்கறேன். நிக்க முடியல.

— உக்காந்துக்கிட்டே கேளு. கடைசியா ஒண்ணு சொல்லு அவகிட்ட. அவ வரலைன்னா நானும் இந்தப் படியை விட்டு எழுந்திருக்கப்போறதில்ல. தினமும் காலையில அந்தக் குரல் கேட்டாத்தான் எனக்குப் பொழுது விடியுது. அது நின்னுபோச்சுன்னா நான் எதை வச்சு எழுந்திருப்பேன்?

— அண்ணி, சொல்ல வேண்டாம். உங்களுக்கு மூச்சு வாங்குது. நான் கேட்டுட்டேன். வர்றேன்னு சொல்லுங்க. ஒரு பாயும் போர்வையும் எடுத்துக்கறேன். வர்றேன்னு சொல்லிடுங்க.

— அவ... அவ...

— என்ன சொல்றா?

— அவ வந்து... அந்த... கூடை...

— கூடையா? என்ன கூடை? துணி எடுத்து வைக்கறாளா?

— இல்ல அண்ணி, கூடையெல்லாம் நான் சொல்லவேயில்லை. வர்றேன்னு சொன்னேன். அதைச் சொல்லுங்க.

— வ்... கூ...

— கோவமா உனக்கு? இந்த நேரத்துலயா வசிதி? ஒரு வார்த்தை. வர்றாளா இல்லியா? அதை மட்டும் சொல்லிட்டு அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் கோவிச்சுக்கோ.

— அண்ணி, அகப்பை கீழ விழுந்துடுச்சு பாருங்க. அண்ணி, அடுப்புப் பக்கமாச் சாயறீங்க. இந்தப் பக்கம், என்மேல சாயுங்க. என்னைப் பாருங்க. சிரிங்க அண்ணி. எப்பவும் என்னைப் பாத்துச் சிரிப்பீங்களே, அந்த மாதிரி சிரிங்க.

— என்ன அங்க? வசிதி, அவளுக்கு என்ன ஆச்சு? சொல்லேன்!

— ஐயோ, ஒருபக்கம்தானே சிரிக்குது. கையைத் தூக்குங்க அண்ணி. இந்தக் கை. இந்தக் கையைத் தூக்குங்க. தூக்க முடியலையா? ஆண்டவரே, எனக்கு வந்தது இல்ல இது, பெரிசு. யாராவது வாங்களேன்! அண்ணிக்கு வாய் இழுத்துக்கிச்சு, அண்ணன்கிட்டச் சொல்லுங்களேன்! யாருமே இல்லியா? யாராவது எங்கண்ணன்கிட்டச் சொல்லுங்களேன்!

— யாரும் சொல்ல வேண்டாம் தங்கச்சி, நான் உள்ள வந்துட்டேன். தலைப்பக்கம் நீ பிடி, கால்பக்கம் நான் பிடிக்கறேன். படகுல அவளை உன் மடியில சாச்சுக்கோ, போற வழியெல்லாம் அவளுக்கு மூச்சு எப்படி இருக்குன்னு நீ என்கிட்டச் சொல்லிக்கிட்டே வா.