அந்த ஊரை மட்டும்

— அதெல்லாம் எனக்கு வேணாம் அலெக்ஸாண்டர்ண்ணா. காலைல போன்ல பேசி அனுப்பிச்ச பாரு, அந்த ஊரு சாம்பலாவும்னு, அத மாத்திப் பேசு. இப்பவே பேசு.

— வந்ததும் வராததுமா இன்னா ஜெயக்கொடி? மொதல்ல உள்ள வந்து குந்து. எல்சி, தண்ணி கொண்டா.

— குந்த வரலண்ணா. மீனை பக்கத்துக் கடை ஜானட்டாண்ட அப்படியே வுட்டுட்டு திருவொத்தியூர் மார்க்கெட்லேர்ந்து ஓடியாரேன். டோல்கேட்டாண்ட கண்டெய்னர் லாரி வரிசை கட்டிகினு நிக்குது, ஆட்டோ நவுரல. எறங்கி நடந்தேன். மெய்யாலுமே மூச்சு நின்னு பூடும்னு நெனச்சேன்.

— பாரு ஜெயக்கொடி, நான் பேசுறது என் பேச்சு இல்ல. வேதத்துல எழுதியாச்சு. ஆணவம் புடிச்ச தேசத்தையெல்லாம் ஆண்டவர் தராசுல வெச்சிப் பாப்பாரு. நான் வெறும் படிச்சுச் சொல்றவன்.

— நீ படிச்சா நடக்குதே! போன மாசம் ஒரு ஊரு பேரு சொன்ன, மறுநாளே குண்டு வுழுந்துச்சி. எர்ணாவூர்ல எங்க பிளாக்கே உன் குரலைக் கேட்டுகினுதான் டீ குடிக்குது.

— இந்தா தண்ணி ஜெயக்கொடி, குடி மொதல்ல. எங்க வூட்டுக்காரருகிட்ட நானும் சொல்லிச் சொல்லி ஓஞ்சிட்டேன். பேப்பர் வந்தா போதும், வேதத்தைத் தொறந்து வெச்சிகினு, எந்த தேசம் எந்த அதிகாரம்னு பென்சிலால கோடு போட்டுகினு கீறாரு. ஹார்பர்ல கிரேன் ஓட்டுன வரைக்கும் ஒழுங்கா இருந்த மனுசன். ரிடையர் ஆனதுக்கு அப்பால தேசங்களைத் தூக்கி எறக்கிகினு கீறாரு.

— எல்சி, நீ உள்ள போய் டிவியப் பாரு. எதுனா நியூஸ் வந்தா சொல்லு.

— பாத்தியா, நேத்துலேர்ந்து இதே பேச்சுதான். ஒரு வாய் சோறு துன்னல. முட்டி போட்டுகினே கீறாரு. யாருக்காகன்னு கேட்டா வேதத்தைப் பொரட்ட ஆரம்பிச்சிடுறாரு.

— யாருக்கா இருக்கும் எல்சிக்கா, என் பகலவனுக்குத்தான். கப்பல் வேலைக்கு ஏஜெண்ட் ஆபீசுக்கு அவனை இட்டுகினு நடையா நடந்தது அண்ணன்தானே. அவனும் எதுக்கெடுத்தாலும் மாமா சொன்னாரு, மாமா சொன்னாருன்னுதானே நிப்பான். இல்லியாண்ணா?

— ம்.

— அப்படிப்பட்ட புள்ள கீற ஊரு எரியும்னு எப்பிடிண்ணா உனக்கு வாய் வந்துச்சி?

— ஜெயக்கொடி, பகலவன் உன்னாண்ட கடைசியா எப்பப் பேசுனான்?

— முந்தாநேத்து சாயங்காலம். சண்டைல கப்பல் அந்த ஊரு ஹார்பர்லயே மாட்டிகிச்சி, வெளிய வுட மாட்டேன்றாங்கன்னான். இஷ்டப்பட்டவன் ஊருக்குள்ள போயி ஓட்டல்ல தங்கிக்கலாமாம். காலைல பஸ்ஸு, நான் போறேம்மான்னான்.

— அப்பால பேசல?

— சிக்னலு இல்ல போல. இன்னாண்ணா போலீஸ்காரனாட்டம் கேட்டுகினே கீற? அந்த தேசம் அப்படி இன்னாதான் பண்ணிச்சி?

— ஏழையை நசுக்கிச்சி. பணத்துல மெதந்துச்சி. எனக்கு யாரு சமானம்னு கேட்டுச்சி.

— அப்ப எங்க எண்ணூர் ஆத்துல கரண்டு ஆலைச் சாம்பலக் கொட்டி மூடுறவனுக்கு ஒண்ணியும் எழுதலியா? அவனுக்கு எந்த அதிகாரம்?

— அதுக்கும் ஒரு நாள் வரும்.

— எங்க நாளு மட்டும் தள்ளித் தள்ளிப் போவுது. எவன் ஊர்லயோ என் புள்ள நிக்கிறப்போ அந்த நாளு ஓடியாந்துடுது. போண்ணா. மாத்திப் பேசு.

— மாத்த முடியாது ஜெயக்கொடி. எழுதியாச்சு.

— அப்ப அந்த மீனு கதை? உங்க கோயில் தேர் அன்னிக்கி எங்க வூட்ல துன்னுட்டு நீதானே சொன்ன? ஊரு அழியப் போவுதுன்னு சொல்லப் போவாம ஒருத்தரு கப்பல் ஏறி ஓடுனாரு, மீனு முழுங்கிச்சி, கடேசில போய்ச் சொன்னாரு. ஊரே அழுதுச்சி, உங்க சாமி மனசு மாறிட்டாரு. மீனு விக்கிறவளுக்கு மீனு கதை மறந்து பூடுமா?

— அந்த ஊரு ராஜாவே எறங்கி வந்து சாம்பல்ல குந்துனான். இவங்க எங்க குந்துனாங்க?

— சரி, இன்னொருத்தரு. கூடாரத்துல இருந்த பெரியவரு. அம்பது நல்லவன் இருந்தா ஊரை வுட்ருவியான்னு ஆரம்பிச்சி, நாப்பது, முப்பதுன்னு பேசிப் பேசி பத்துக்குக் கொண்டாந்தாரே. சாமியாண்டயே பேரம்! காசிமேட்ல தெனம் மீனு ஏலத்துல நிக்கிறவ, எனக்கு அது புரியாதா?

— பத்தோட அவரு நிறுத்திகினாரு.

— அதான் எனக்கு ஆத்தாமை. இன்னாத்துக்கு நிறுத்துனாரு? நானா இருந்தா ஒண்ணுக்கு எறக்கி இருப்பேன். குடி கெடையாது, பீடி கெடையாது. வாராவாரம் கூப்ட்டு, சக்கரை மாத்திரை போட்டியாம்மான்னு கேப்பான். அவன் ஒருத்தன் போதாதா?

— போதும் ஜெயக்கொடி. போதும்.

— அப்பறம் இன்னா? இந்தா போனு. பட்டனை அமுக்கிப் பேசு.

— ஆண்டவரே... அந்தப் பட்டணத்தை... என்னால முடியல ஜெயக்கொடி. வரல.

— அழியும்னு சொல்றப்ப மட்டும் கணீர்னு வருது. குடு இங்க, நான் பேசுறேன். சாமி, நான் ஜெயக்கொடி, எர்ணாவூரு. உன் கோயிலுக்கு வர்றவ இல்ல, எங்க வூட்ல புத்தர்தான். ஆனா உன் தேர் வர்றப்ப ஒரு வருசம்கூட நிக்காமப் போனதில்ல. உன்னாண்ட இதுவரைக்கும் ஒண்ணியும் கேட்டதுமில்ல. அந்த ஊரை மட்டும் வுட்ரு சாமி. கோவம் ஆறலன்னா வேற எங்கியாச்சும் காட்டிக்கோ. அந்தாண்ட ஹார்பரு கீது, கப்பலு கீது, அதுல போட்டுக்கோ...

— ஜெயக்கொடி! வாயை மூடு! அப்படிக் கேக்காத!

— ஐயே, இன்னாத்துக்குக் கத்துற? வெறும் இரும்புதானே. ஆளுங்கல்லாம் பஸ் ஏறிப் பூட்டாங்கல்ல. தோ, அனுப்பிட்டேன்.

— அனுப்பிட்டியா...

— என்னங்க! ஜெயக்கொடி! ரெண்டு பேரும் ஓடியாங்க, டிவியப் பாருங்க! சண்டையை நிறுத்திட்டாங்களாம்! ஊருக்குள்ள ஒரு ஜன்னல்கூட ஒடையலயாம். காலைல போட்ட குண்டு அத்தினியும் ஹார்பர்லதான் வுழுந்துச்சாம்!

— அய்யோ என் ராசா! கேட்டுகினாருண்ணா! உங்க சாமி மெய்யாலுமே நல்லவரு! இன்னாண்ணா, நீ மட்டும் மூஞ்சிய அப்படி வெச்சிகினு கீற? உன் வாக்கு பொய்யாப் பூட்டுதுன்னா?

— குந்து ஜெயக்கொடி.

— எங்க குந்துறது? பிளாக்ல எல்லார்கிட்டயும் சொல்லணும்.

— குந்தும்மா. நேத்து விடிகாலைல பகலவன் எனக்குப் போன் பண்ணான்.

— உனக்கா? சொல்லவே இல்லியே! இன்னா சொன்னான்?

— 'மாமா, பஸ் வந்து நிக்குது, ஏறட்டுமா, இங்கயே இருக்கட்டுமா'ன்னு கேட்டான்.

— அதுக்கு?

— பட்டணம்தான் எரியும், கப்பல்காரங்க தூர நின்னு பொகையைப் பாப்பாங்கன்னு எழுதியிருக்குடா, பஸ்ல ஏறாத, கப்பல்லயே இருன்னு நான்தான் ஜெயக்கொடி சொன்னேன்.