தை மாசத்துக் கப்பல்

பெங்குவின் பாக்கணும்னா வடக்க போகக் கூடாது, இன்ஸ்பெக்டரம்மா. வடக்க பனிக்கரடிதான். தெக்க போனாத்தான் பெங்குவின். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்கிற மாதிரி படம் போடுதாகள்லா, அதெல்லாம் சும்மா. இதை முதல்லயே சொல்லிருதேன், ஏன்னா கப்பல் எடுக்கணும்னா இங்கன இருந்துதான் ஆரம்பிக்கணும். நாளைக்கு நீங்களும் ரிட்டயர் ஆவீக, எங்கயாச்சும் போகணும்னு தோணும், அப்ப உதவும்.

பேர் கேட்டீக. என் பேர் சண்முகசுந்தரி. வீட்டுக்காரக பேரை நான் என் வாயால சொன்னதே கிடையாது. இப்ப சொல்லுதேன், குற்றாலலிங்கம். சொல்லிட்டேன், ஒண்ணும் ஆகல பாருங்க. பொதுப்பணித்துறையில எஞ்சினியரா இருந்தவுக. அவுக தம்பி குமரகுருபரன் உங்ககிட்ட வந்து, 'அண்ணி எங்கண்ணனைக் கொன்னுட்டா'ன்னு ஒத்த வரியில சொல்லிட்டுப் போயிருக்காரு. கொழுந்தனாரு எப்பவுமே அப்படித்தான், பொறுமையே கிடையாது. நான் வரிசையா சொல்லுதேன், நீங்க குறுக்க கேக்காதீக.

போன வருசம் அவுகளுக்கு எழுபதாம் கல்யாணம் வச்சோம். எங்க மக ப்ரியா மெல்போர்ன்ல இருக்கா. 'அம்மா, நகை புடவையெல்லாம் வேண்டாம், உங்க ரெண்டு பேரையும் எங்கயாச்சும் அனுப்புதேன், இடத்தை நீயே சொல்லு'ன்னா. அவுக காசின்னாக. நான் பெங்குவின்னேன். அவுக வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாக. 'ஏட்டி, பறவை பாக்க பூமியோட கடைசிக்கா போவாக? நம்ம கூந்தன்குளத்துல இல்லாத பறவையா?'ன்னாக.

கூந்தன்குளத்தைப் பத்திச் சொல்லணும். கல்யாணமான புதுசுல ஒரு தடவை கூட்டிட்டுப் போனாக. ஒரு கருவ மரத்துல செங்கால் நாரை கூடு. தாய் பறந்து வந்து இறங்குது, குஞ்சு அண்ணாந்து வாயைத் தொறக்குது, தாய் தொண்டையை அசைச்சு அசைச்சு உள்ள இருந்து மீனை எடுக்கப் பாக்குது. நான் மூச்சு விடாம நிக்கேன். அப்ப அவுக என் முழங்கையைப் பிடிச்சு, 'பாத்தாச்சுல்லா, வா'ன்னு இழுத்துட்டுப் போயிட்டாக. அந்தக் குஞ்சு தின்னுச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாம போச்சு.

அவுகளைத் தப்பா நினைச்சிராதீக. அடிக்க மாட்டாக, குடிக்க மாட்டாக, ஒரு சொல் கடுசா சொல்ல மாட்டாக. எனக்குக் காய்ச்சல்னா சுக்குத் தண்ணி போட்டுத் தருவாக. ஆனா எங்க போனாலும் அந்த முழங்கை. திருச்செந்தூர் கடல்ல கால் நனைச்ச உடனே வா. தேரு நாலு அடி நகந்த உடனே வா. எதையும் நான் முழுசாப் பாத்தது இல்ல, இன்ஸ்பெக்டரம்மா. சாகுறதுக்குள்ள ஏதாச்சும் ஒண்ணு, ஒரு குஞ்சு இரை தின்னு முடிக்கிறதை, முதல்ல இருந்து கடைசி வரைக்கும் பாக்கணும்னு எனக்கு ஆசை. ஆசைன்னா அப்படி ஒரு ஆசை. ராத்திரி பகல் அதே நினைப்பு.

அதனால கப்பல் எடுக்கிறதை நானே பாத்துக்கிட்டேன். அடேயப்பா, அந்த மாசமெல்லாம் நான் கொமரிப் பிள்ளை மாதிரி திரிஞ்சேன். அடுப்புல பால் பொங்கும், நான் போன்ல கப்பல் பாத்துக்கிட்டு நிப்பேன். பெரிய கப்பல்னா ஏமாந்துருவீக. நீச்சல் குளம், பாட்டுக் கச்சேரி எல்லாம் இருக்கும், கரையில இறங்க முறை வராது. ஒரு இடத்துல ஒரு சமயம் நூறு பேருக்கு மேல நிக்கக் கூடாதுன்னு அங்கன சட்டம். சின்னக் கப்பல்தான் சரி. அப்புறம் மாசம். நவம்பர்ல கூடு கட்ட ஒண்ணுக்கொண்ணு கல்லைத் திருடிக்கிட்டுத் திரியும், குஞ்சு இருக்காது. பிப்ரவரி கடைசியில திமிங்கிலம் நல்லாத் தெரியும், அதுக்குள்ள குஞ்செல்லாம் வளந்து போயிரும். ஜனவரிதான் சரியான சமயம். நம்ம தை மாசம்.

அவுக அதுலதான் முரண்டு பிடிச்சாக. தை அமாவாசைக்குப் பாவநாசம் ஆத்துல அப்பா அம்மைக்கு எள்ளுந்தண்ணியும் விடாம அவுக ஒரு வருசமும் இருந்தது இல்ல. 'கடல்ல முங்குனா அதுக்கு மேல புண்ணியம். ராமேஸ்வரத்துல என்ன ஆறா ஓடுது?'ன்னு கேட்டேன். யோசிச்சுப் பாத்தாக. சரின்னுட்டாக. என் பேச்சை அவுக கேட்ட நாள் அது ஒண்ணுதான்.

கடைசியில ரெண்டு கப்பல் நின்னுச்சு. ரெண்டும் சின்னது, ரெண்டும் தை மாசம், ரெண்டுலயும் பறவையைக் காட்டிச் சொல்லிக்குடுக்க ஆள் உண்டு. ஒரு கப்பல்ல எழுபது வயசாச்சுன்னா நெஞ்சு டாக்டர் சம்மதம் வேணும்னாக. இன்னொண்ணுல நாமளே நல்லாத்தான் இருக்கோம்னு சொன்னாப் போதும். அதுல பனித் தண்ணிக்குள்ள குதிச்சு ஏறுற விளையாட்டும் உண்டு, சாப்பாட்டுக்குத் தயிரும் உண்டுன்னு போட்டிருந்துச்சு. நாங்க சுத்த சைவம், தயிர் இல்லாம அவுகளுக்கு இறங்காது. நான் தயிர்க் கப்பலை எடுத்தேன்.

அர்ஜெண்டினாவுல போயிக் கப்பல் ஏறினோம். ரெண்டு நாள் கடல் ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுச்சு. அவுக படுத்த படுக்கை. நான் மேல் தட்டுல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, பெரிய பெரிய பறவைக இறக்கையை அசைக்காம எங்க கூடவே வாறதைப் பாத்தேன். கரையில இறங்குறதுக்கு முன்னால எங்க உடுப்பு, பை, செருப்பு இடுக்கு எல்லாத்தையும் குழாய் வச்சு உறிஞ்சு சுத்தம் பண்ணுனாக, நம்ம ஊர் விதை ஒண்ணு அங்கன விழுந்துரக் கூடாதாம். அவுக பையில திருநீறு இருந்துச்சு. அந்தப் பிள்ளைக அதை மோந்து பாத்து, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்து, பெரிய ஆபீசரைக் கூப்பிட்டு, ஒரே கூத்து. எனக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரை ஏறிட்டு.

முதல் தடவை இறங்கினோம். இன்ஸ்பெக்டரம்மா, என்னத்தச் சொல்ல. எங்க பாத்தாலும் பெங்குவின். கோயில் கொடைக்கு வந்த கூட்டம் மாதிரி. ஒண்ணு வழுக்கி விழும், எந்திச்சு யாரும் பாத்தாகளான்னு சுத்திப் பாக்கும். கருவாட்டுச் சந்தை நாத்தம். அவுக துண்டால மூக்கைப் பொத்திக்கிட்டாக. எனக்கு அந்த நாத்தமும் பிடிச்சிருந்துச்சு. ஒரு கூட்டுல சாம்பல் நிறத்துல ரெண்டு குஞ்சு. தாய் கடல்ல இருந்து பைய ஏறி வருது. நான் பாத்துக்கிட்டே நிக்கேன். முழங்கையில கை விழுந்துச்சு. 'எல்லாம் ஒண்ணு போலத்தான இருக்கு. பாத்தாச்சுல்லா, குளிருது, வா.'

மறுநாளும் அதேதான். தனியா நான் நிக்கேன், நீங்க போங்கன்னு சொன்னேன். 'உன்னைய விட்டுட்டு எப்படிட்டி போக? வழுக்கி விழுந்தேன்னா?'ன்னாக. பாசமாத்தான் சொன்னாக, அதை மறுக்க மாட்டேன். அப்படிச் சொல்லுத ஆளை என்ன செய்ய முடியும்.

அதுக்கு அடுத்த நாள் தை அமாவாசை. கப்பல்ல பயணத்தை நடத்துற பெரியவன் கிட்ட போயி, எங்க பித்ருக்களுக்கு இன்னிக்கு விசேஷம், அந்தக் குதிக்கிற விளையாட்டை இன்னிக்கே வைக்க முடியுமான்னு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல கேட்டேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். மைக்குல எல்லாருக்கும் சொல்லிட்டான். எல்லாரும் தட்டுல கூடிட்டாக. அவுக நாலு முழ வேட்டி, நெத்தி நிறைய திருநீறு, இடுப்புல கப்பல்காரன் கட்டிவிட்ட கயித்து பெல்ட்டு. மாப்பிள்ளை மாதிரி இருந்தாக. கப்பல் டாக்டர் வாசல்ல நின்னு ஒவ்வொருத்தரையும் நெஞ்சுவலி உண்டான்னு கேட்டான். அவுக வேட்டியை இறுக்கிக் கட்டிக்கிட்டு இருந்தாக, நான்தான் பதில் சொன்னேன். 'தினமும் விடிகாலையில ஆத்துல குளிக்கிற உடம்பு'ன்னேன். அது பொய் இல்லயே.

ரெண்டு வருசம் முந்தி அவுக நெஞ்சுல அடைப்புக்கு ஸ்டென்ட் குழாய் வச்சது உங்களுக்குக் கொழுந்தனாரு சொல்லிருப்பாரு. அப்ப நம்ம ஊர் டாக்டர் என்னைய வராந்தாவுக்குக் கூப்பிட்டு, 'குற்றாலம் அருவியில கூட நிக்க விடாதீங்கம்மா, திடீர்னு குளுந்த தண்ணி பட்டா நெஞ்சு நின்னுரும்'னாரு. அதை நான் அவுககிட்ட சொல்லல. அப்ப மனசு கஷ்டப்படுவாகன்னு சொல்லல. அப்புறம், சொல்ல வேண்டாம்னு சொல்லல. ஆத்துல மட்டும் முங்க விடாம வீட்டுல வெந்நி போட்டுக் குடுத்துக்கிட்டு இருந்தேன். இப்ப நீங்க என் வாயைப் பாக்குதீக. ஆமா, கப்பல் டாக்டர்கிட்ட சொன்னது பொய்தான். எழுதிக்கிடுங்க.

மத்தவுக எல்லாம் குதிச்சாக, அலறிக்கிட்டு அடுத்த மூச்சுல ஏணியில ஏறிட்டாக. அவுக குதிச்சாக, தலை வெளிய வந்துச்சு, வாய் பேச்சு வரல, ஏணியைப் பிடிச்சாக. நான் மேல நின்னு சத்தமாச் சொன்னேன். 'அத்தைக்கு ஒரு முங்கு போட்டாச்சு. மாமாவுக்கு?' தாமிரபரணியில பொறந்த ஆம்பளை ஒத்த முங்கோட கரையேற மாட்டான், அது உங்களுக்கே தெரியும். திரும்ப முங்குனாக. கயித்தைப் பிடிச்சிருந்தவன் இழுக்கப் போனான். நான் கையைக் கூப்பி, 'பிரேயர், பிரேயர்'னேன். வெள்ளைக்காரன் பிரேயர்னா உடனே அடங்கிருதான். கயித்தைத் தளத்திட்டு, தொப்பியைக் கழட்டிட்டான். அவுக மேல வந்து என்னையப் பாத்தாக. உதடு நீலம். 'போதும்ட்டி'ன்னாக. 'தாத்தாவுக்கு ஒண்ணு இருக்குல்லா. நல்லாத் தலை நனைய முங்குங்க'ன்னேன். சுத்தி நின்னவுக எல்லாம் நான் உற்சாகப்படுத்துதேன்னு நினைச்சுக் கை தட்டுனாக. அவுக எதையும் அரைகுறையா விடுத ஆள் இல்ல, சாமி காரியத்துல. மூணாவதும் முங்குனாக. அவுகளா மேல வரல, கயித்தைப் பிடிச்சு இழுத்தாக.

அந்தக் கைதட்டுக் கூட்டத்துல ஒரு பொண்ணு எடுத்த வீடியோதான் உங்க மேசையில இருக்கு. கப்பல்ல அத்தனை பேரும் அதைப் பாத்து அழுதாக, பாசமான பொண்டாட்டின்னு. உலகமெல்லாம் சுத்தி நம்ம தெரு வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்த பிறகுதான் அதுல நான் என்ன சொல்லுதேன்னு கேக்க ஆள் வந்துச்சு. தமிழ் தெரிஞ்ச ஒருத்தன் அந்தக் கப்பல்ல இருந்திருந்தா அவுக இன்னிக்கு வீட்டுல இருந்து தயிர் கேட்டிருப்பாக. இதையும் எழுதிக்கிடுங்க. செத்துருவாகன்னு தெரியும். தெரிஞ்சுதான் மூணாவது முங்கு சொன்னேன்.

கேப்டன் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, பக்கத்துத் தீவுல விமானம் உண்டு, உடனே அனுப்பி வைக்கவான்னு கேட்டாரு. வேண்டாம், கப்பல் போற வழியில போகட்டும், அவுகளும் அதைத்தான் விரும்புவாகன்னேன். அவுகளைக் குளிர் அறையில பத்திரமா வச்சாக. மறுநாள் காலையில ரப்பர் படகுல முதல் ஆளா நான்தான் இறங்கினேன். தீட்டுன்னு ஒதுங்கி நிக்க அங்கன கோயிலா குளமா. எனக்குக் குளிருமேன்னு அவுக சட்டையையும் என் சட்டைக்கு மேல போட்டுக்கிட்டேன்.

நின்னேன். நின்னுக்கிட்டே இருந்தேன். யாரும் இழுக்கல. தாய் ஏறி வந்தா. குஞ்சு அண்ணாந்து வாயைத் தொறந்துச்சு. அவ குனிஞ்சு, குஞ்சோட அலகு முழுசையும் தன் வாய்க்குள்ள விட்டுக் குடுத்தா. ஒரு வாய் இல்ல, திரும்பத் திரும்பக் குடுத்தா. வயிறு பொடைச்சு, அந்தக் குஞ்சு தாய் காலடியில சரிஞ்சு கண்ணை மூடுற வரைக்கும் பாத்தேன். சந்தோஷத்துல எனக்குக் காலே தரையில இல்ல. கண்ணுல தண்ணி கொட்டுது. திரும்பி, 'ஏங்க, பாத்தீகளா, தின்னுட்டு'ன்னேன்.

பக்கத்துல அவுக இல்ல. எனக்கு அப்படியே கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. பாத்துப் பாத்துக் கப்பல் எடுத்து, மாசம் எடுத்து, அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போயிருக்கேன். இன்னும் ஒரே ஒரு நாள் இருந்திருந்தா அவுகளும் கூட நின்னு பாத்திருப்பாகள்லா. என்னையத் தனியா அந்தப் பனியில நிக்க விட்டுட்டுப் போறதுக்கு அவுகளுக்கு எப்படி மனசு வந்துச்சுன்னு எனக்கு இன்னும் புரியல, இன்ஸ்பெக்டரம்மா.