கழட்டுற பல்லு

தனுஷா: சரி, வாயை மூடுங்கோ அம்மா. மேல முன்பல்லு ரெண்டுதான் இல்லை. பக்கத்துப் பல்லு ரெண்டும் உறுதியா நிக்குது.

ஹமீட்: அப்ப பூட்டுற பல்லே போடலாம் என்ன, டொக்டர்?

சபூறா: கழட்டுறது போதும், டொக்டர்.

ஹமீட்: நீ கொஞ்சம் பேசாமல் இரு, சபூறா.

சபூறா: என்ர வாய்... நான் பேசாமல் இருக்கிறதோ?

தனுஷா: பொறுங்கோ, பொறுங்கோ... ரெண்டையும் சொல்லுறன். பூட்டுறதெண்டால், பக்கத்துப் பல்லு ரெண்டையும் கொஞ்சம் ராவி, அதுகளோட சேர்த்து ஒட்டிவிடுறது. பிறகு அசையாது. சொந்தப் பல்லு மாதிரி. கழட்டுறதெண்டால் அண்ணத்தோட ஒரு பிளேட். இரவில கழட்டித் தண்ணியில போட்டு வைக்க வேணும்.

ஹமீட்: கேட்டியா? கிளாசுக்குள்ள கிடந்து பல்லு சிரிக்கும். விடிய எழும்பி நான்தான் பயப்பட வேணும்.

சபூறா: உங்களுக்குப் பயமோ... டொக்டர், இந்தப் பல்லு எப்பிடிப் போனதெண்டு நீங்க கேக்கேல்லையே?

தனுஷா: எப்பிடி?

சபூறா: புத்தளத்தில, அகதி முகாமில. தண்ணி பவுசர் லொறி வந்தால் எல்லாரும் விழுந்தடிச்சு ஓடுறது. ஒரு பெடியன்ர வாளி வந்து வாயில அடிச்சுது. அந்தப் பெடியன்தான் இந்தா... பக்கத்தில நிக்கிறார்.

தனுஷா: அட! அடிச்சுப்போட்டுக் கலியாணமும் கட்டினீங்களோ, ஐயா?

ஹமீட்: வேற ஆர் கட்டுறது? பல்லுக் கட்டித்தாறன் எண்டு அண்டைக்கே சொன்னனான். புத்தளத்தில ஏலாமல் போச்சு. முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்தும் வீடு, கிணறு, பிள்ளை எண்டு காலம் போட்டுது. இவ சிரிக்கேக்க முந்தானையால வாயைப் பொத்துவா, டொக்டர். வாய் திறந்து சிரிச்சு நான் பாத்ததேயில்லை.

சபூறா: சிரிக்கிற மாதிரி நீங்க என்ன சொன்னீங்க?

ஹமீட்: பாத்தீங்களோ... மகளுக்குக் கலியாணம் வருது. நஃப்லா. அண்டைக்கெண்டாலும் இவ பொத்தாமல் சிரிக்க வேணும். அதுதான் நல்லதாப் பூட்டுங்கோ எண்டுறன்.

தனுஷா: ம்... அம்மாவுக்கு வேற வருத்தம் ஏதும்? ஈறு வெளிறிக் கிடக்கு...

ஹமீட்: அல்சர், டொக்டர். அல்சர் மட்டுந்தான்.

சபூறா: ஓம். அல்சராம்.

தனுஷா: சாப்பாடு?

சபூறா: ரெண்டு வாய். அதுக்குமேல இறங்காது.

ஹமீட்: பல்லு வந்தால் சாப்பிடுவா, டொக்டர்.

தனுஷா: ...சரி. எதெண்டாலும் முதல்ல அச்சு எடுக்க வேணும். உள்ளுக்குப் போய் அச்சு மாவைக் குழைச்சுக்கொண்டு வாறன். அதுக்குள்ள ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுங்கோ.

ஹமீட்: ...ஏன் புள்ள இப்பிடி அடம்பிடிக்கிற?

சபூறா: முல்லைத்தீவிலயிருந்து வவுனியாவுக்கு எத்தினை தரம் பஸ் ஏறுறது?

ஹமீட்: நான் கூட்டிக்கொண்டு வாறன்தானே.

சபூறா: கலியாணத்தை ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு எண்டுதானே பேசினது. ஏன் முன்னுக்கு எடுத்தீங்க?

ஹமீட்: மாப்பிள்ளை வீட்டார் கேட்டினம்.

சபூறா: அவையளோ கேட்டது...

ஹமீட்: என்னைக் கேள்வி கேக்கிற. நீ மட்டும் என்ன? ஊரில பொம்பிளையள் மௌத்தானால், அடக்க முதல் மையத்தைக் குளிப்பாட்ட உன்னைக் கூப்பிடுவினம், சரி. கலியாணப் பொண்ணையும் ஏன் இழுத்துக்கொண்டு போற?

சபூறா: பழகட்டும்.

ஹமீட்: கலியாணம் முடியப் பழகட்டுமன். இப்ப என்ன அவசரம்?

சபூறா: ...இஞ்சருங்கோ, ஆஸியா மாமியை ஞாபகமோ?

ஹமீட்: போன வருசம் மௌத்தானவ.

சபூறா: ஓம். அவவுக்குக் கட்டின பல்லு. கழட்டுற பல்லெண்டால் கழட்டிப்போட்டுத்தான் குளிப்பாட்டுறது. அது கழட்டுறதோ பூட்டினதோ எண்டு அங்க நிண்ட ஒருத்தருக்கும் தெரியேல்லை. நான்தான் இழுத்துப் பாத்தன். வரேல்லை. இன்னொருக்கா இழுத்தன்... பூட்டின பல்லு.

ஹமீட்: விடு புள்ள...

சபூறா: மையத்துக்கு நோகும் எண்டு தண்ணியைக்கூட மெல்லத்தானே ஊத்துறது. நான் அவட வாயைப் பிடிச்சு இழுத்தன். அது இன்னும் என்ர விரல்ல நிக்குது.

ஹமீட்: பல்லுக் கட்ட வந்த இடத்தில ஏன் அந்தக் கதை?

சபூறா: நீங்க என்னை ஏசி எவ்வளவு நாள்?

ஹமீட்: என்ன?

சபூறா: பெரியாஸ்பத்திரியால வந்து அல்சர் எண்டு சொன்னீங்களே... அண்டையிலயிருந்து ஏசவேயில்லை. நேற்றுக் கறியில உப்பு அள்ளிக் கொட்டினனான். வேணுமெண்டுதான். நல்லாயிருக்கு எண்டு கோப்பையை வழிச்சுச் சாப்பிட்டீங்க.

ஹமீட்: பசி... அதுதான்...

சபூறா: ஏசவும் மனம் வராத வருத்தம் என்ன வருத்தமெண்டு எனக்குத் தெரியாதோ?

ஹமீட்: சபூறா...

சபூறா: அழாதீங்கோ. டொக்டர் வரப்போறா.

ஹமீட்: நீ சிரிக்கிறதை ஒருக்காப் பாக்கத்தானே நான்...

சபூறா: பாப்பீங்க. கழட்டுற பல்லோடயும் சிரிக்கலாம். முந்தானையைத் தொட மாட்டன், போதுமோ? இந்தாங்கோ, இதால கண்ணைத் துடையுங்கோ.

தனுஷா: மா ரெடி. கெதியா இறுகிப்போடும், வாயைத் திறவுங்கோ அம்மா. என்ன ஐயா, கடைசியில ஆர் வெண்டது? பூட்டுறதுதானே?

ஹமீட்: இல்லை, டொக்டர்... கழட்டுறதே போடுங்கோ. நஃப்லா இழுக்கத் தேவையில்லாமல்... மெல்லத் தொட்டவுடன கழர வேணும்.