கரை சேர்ந்த புள்ளி

மேசையில் நீங்கள் வைத்திருக்கும் அந்தப் பெட்டியை இன்னும் கொஞ்சம் சின்னதாகச் செய்திருக்கலாம். பற்றரி பெரிதாகிவிட்டது. ஆறு மாதம் தண்ணீருக்குள் கிடந்தும் உள்ளே ஈரம் புகவில்லை என்று உங்கள் சார்ஜன்ட் சொன்னபோது, இந்த நிலைமையிலும் எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. மூடிக்குள் போட்ட ரப்பர் வளையம் பிலிமத்தலாவையில் ஒரு தண்ணீர்க் குழாய்ச் சாமான் கடையில் வாங்கியது.

என் பெயர் நஸீப். ஊர் கலகெதர. பிலிமத்தலாவையில் எலக்ட்ரானிக் சாமான் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் வாக்குமூலத்தை வாயால் சொல்லச் சொன்னீர்கள், நான்தான் எழுதித் தருகிறேன் என்றேன். பேசும்போது மனிதர் கூட்டியோ குறைத்தோ சொல்லிவிடுவார்கள். சிங்களத்துக்கு மாற்றுகிறவரும் அதைக் கவனித்துக்கொள்ளட்டும்.

கம்பளைக்கு மேலே, மகாவலியில் சுற்றுலா வருகிறவர்களை ரப்பர் படகில் ஏற்றி இறக்கும் தொழிலை நிஸாம் ஹாஜியார் நடத்துகிறார். எந்தப் படகு எங்கே போகிறது என்று இறங்குதுறையில் இருந்தே பார்க்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்று போன வருடம் என்னிடம் கேட்டார். படகோட்டிகளின் லைஃப் ஜாக்கெட்டில் தைத்துவிட இந்தப் பெட்டியைச் செய்தேன். இருக்கும் இடத்தை இது ரேடியோவில் சொல்லிக்கொண்டே வரும். வெளியே தெரியும் சிவப்புப் பொத்தான் ஆபத்துக்கு அழுத்த. துறையில் இருக்கும் கொட்டிலில் பெரிய டிவி வைத்தோம். டிவியில் ஆறு தெரியும், ஆற்றில் மஞ்சள் புள்ளிகள் நகர்ந்து வரும்.

ஆறு இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒடுங்கும் ஓர் இடம் இருக்கிறது. அங்கே சிக்னல் அறுந்துவிடும், டிவியில் புள்ளிகள் மறைந்துபோகும். ஒரு தாய் தன் பிள்ளைகள் போன படகைக் காணவில்லை என்று அலறியே விட்டாள். ஹாஜியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"புள்ளி இல்லாமப் போனா மனுசரு பயப்படுறாங்க மகன். கரையில நிக்கிறவங்களுக்கு எந்த நேரமும் ஆள் ஈக்கிற மாதிரி தெரியணும்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. சிக்னல் அறுந்தால் ஆற்றின் வேகத்துக்குப் புள்ளி தானாகவே நகரும்படி எழுதினேன். சிக்னல் திரும்பாவிட்டால் துறைக்கு வந்து நிற்கும். அப்படி ஊகமாக நகரும் புள்ளியைச் சுற்றி ஒரு வளையம் விழும். வளையம் என் மடிக்கணினியில் மட்டும் தெரியும். டிவியில் தெரியாது.

அடுத்த சிக்கல் பொத்தான். படகோட்டிகள் அதை ஒருநாளும் ஆபத்துக்கு அழுத்தவில்லை. கடைசி வளைவு திரும்பியதும் அழுத்துவார்கள். தேத்தண்ணி ஊற்றி வையுங்கள் என்று அர்த்தமாம். முதல் கிழமை ஒவ்வொரு தடவையும் நான் கதிரையைத் தள்ளிவிட்டு ஓடினேன், அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இந்தப் பழக்கத்தைத் தொடக்கி வைத்தவர் சுதேஷ். படகுகளுக்குப் பின்னால் சின்னத் தோணியில் தனியாக வருகிறவர். தண்ணீரில் விழுந்தவர்களையும் தவறிப்போன துடுப்புகளையும் தூக்கி வருவது அவர் வேலை.

"நானா, கைகால் வெறைச்சுப் போய் வர்றோம். ஒரு பிளேன்டீ கேக்குறது ஆபத்துல சேராதா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் சுதேஷ்.

திட்டிப் பார்த்தேன், கேட்கவில்லை. துறைக்குக் கிட்ட வந்துவிட்ட புள்ளியிலிருந்து பொத்தான் அழுத்தப்பட்டால் அபாய மணி வேண்டாம், டிவியில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை வந்து டிங் என்று சத்தம் போடட்டும் என்று எழுதிவிட்டேன். எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று.

கொழும்பிலிருந்து நான்கு அதிகாரிகள் பார்க்க வந்த நாளில் மூன்று படகுகள் போயின. அவர்கள் சரி என்றால் இந்த நாட்டில் ஆற்றில் இறங்கும் எல்லாப் படகிலும் என் பெட்டி இருக்கும். அதுவரை ரைஸ் குக்கரும் டிவி ரிமோட்டும் திருத்திக்கொண்டிருந்தவன் நான். எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று நீங்கள் யோசிக்க வேண்டும்.

படகுகள் மூன்றும் வந்துவிட்டன. சுதேஷின் புள்ளி பாறை ஒடுக்கத்தைத் தாண்டியது, வளைவு திரும்பியது, துறையில் வந்து நின்றது. டிங் என்று ஒரு கோப்பை வந்தது. பிறகு இன்னொன்று. இப்படி ஏழு. ஓர் ஆளுக்கு ஏழு தேத்தண்ணியா என்று அதிகாரி ஒருவர் சிங்களத்தில் கேட்டார், கொட்டில் முழுக்கச் சிரித்தது. எல்லோரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆற்றைப் பார்க்க ஆள் இல்லை.

சுதேஷ் சிகரெட் பிடிக்க ரோட்டுப் பக்கம் போயிருப்பார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். சாப்பாட்டுப் பார்சல் ஒன்று மிஞ்சியது. பின்னேரம் அவருடைய மனைவி சஞ்சீவனி தொலைபேசியில் கேட்ட பிறகுதான் தேடினோம். அடுத்த நாள் தோணி மட்டும் துறைக்குக் கீழே மூங்கில் புதரில் கிடைத்தது. கட்டாமல் விட்டதால் மிதந்து போயிருக்கும் என்றார்கள். உங்களுக்கு முன் இருந்த பொறுப்பதிகாரிக்கு நான் பதிவைக் கொடுத்தேன். பதினொன்று இருபத்தாறுக்கு ஆள் கரை சேர்ந்தார் என்று அதில் இருந்தது. சுதேஷ் எங்கேயோ போய்விட்டார் என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். நான் வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை.

இரண்டாவது கிழமை சஞ்சீவனி கடைக்கு வந்தாள். கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறவள்.

"நானா, அவரு கரைக்கு வந்துட்டாருன்னு பொலிஸ்ல சொல்றாங்க. எனக்கு அதக் காட்டுங்க."

காட்டினேன். புள்ளியின் மேல் விரலை வைத்தாள்.

"இங்கருந்து எந்தப் பக்கம் போனாரு? பதினாறாம் நாள் கருமாதி வைக்கணும்னு மாமியார் நிக்கிறாங்க. உசுரோட இருக்கிற மனுசனுக்கு எப்படி நானா கருமாதி வைக்கிறது?"

வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன். எனக்கு அவள்மேல் அப்படி ஓர் இரக்கம். புள்ளியைக் கையால் நகர்த்தி ரோட்டுக்கு ஏற்றி, கம்பளை பஸ் நிலையத்தில் நிறுத்தி வைத்தேன். பத்து நிமிட வேலை. அதைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கருமாதி நின்றது. நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் நான் ஜும்மா முடிந்து வரும்போது கடை வாசலில் நிற்பாள். புள்ளி பேராதனைக்குப் போயிற்று, பிறகு கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு, பிறகு கலகெதரவுக்கு. பெட்டியை ஜாக்கெட்டிலிருந்து கழற்றி, சார்ஜ் போட்டுக் கையோடு வைத்திருக்கிறார், சிக்னல் ஒருநாள் பிந்தி வருகிறது, அதனால்தான் நீ போகும்போது அவர் இருப்பதில்லை என்று விளக்கினேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, படத்தைக் காட்டிக் கடை கடையாகக் கேட்டுத் திரிந்தாள். கலகெதரவில் ஒரு கடைக்காரர் பார்த்தேன் என்றாராம், ஆள் லேசாக நொண்டினாராம். அதற்குப் பிறகு நான் புள்ளியை மெதுவாக நகர்த்தினேன்.

இதற்கிடையில் எனக்கு ஒரு தொந்தரவு. டிங் சத்தத்தையும் கோப்பையையும் எப்போதோ அழித்துவிட்டேன். ஆனாலும் முற்பகலில், பதினொரு மணி தாண்டியதும், கடைக்குள் அந்தச் சத்தம் கேட்கிறது. ஏழு தரம். பக்கத்தில் என் மனைவி ரிப்கா இருந்தாலும் அவளுக்குக் கேட்பதில்லை. எல்லா மெஷினையும் கழற்றி வைத்துப் பார்த்தேன், கரண்ட்டையே நிறுத்திப் பார்த்தேன். பயமாக இருக்கிறது, அதை மறைக்கவில்லை. கடைசியில் ஒரு பிளேன்டீ ஊற்றி மேசை ஓரத்தில் வைத்தேன், அன்று சத்தம் சீக்கிரம் நின்றது. இப்போது தினமும் வைக்கிறேன்.

வளையத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், கோப்பைகள் வந்தபோது சுதேஷின் புள்ளியைச் சுற்றி என் மடிக்கணினியில் வளையம் இருந்தது. பொத்தான் அழுத்தும்போது உண்மையான இடமும் சின்ன எண்களில் கூடவே வரும். வந்த இடம் ஒடுக்கத்துக்குள், நடு ஆற்றில் கிடக்கும் ஒரு பாறை. பெட்டியைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தால் மட்டும் அங்கிருந்து எப்போதாவது ஒரு சிக்னல் தப்பி வரும். அந்தப் பாறைக்கு நேரான கரைக்குத் துறையிலிருந்து நடந்தால் ஆறு நிமிடம். மீட்புக் கயிறு என் கதிரைக்குப் பின்னால் தொங்கியது. முதல் அழுத்தலுக்கும் கடைசி அழுத்தலுக்கும் இடையில் பத்தொன்பது நிமிடம்.

முதல் அழுத்தலையே நான் பார்த்தேன். அப்போது ஓர் அதிகாரி பற்றரி எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான்கு நாள் என்றேன். நன்றாக விளக்கிச் சொன்னேன். எழுந்து ஓடியிருந்தால் அதுவரை காட்டியதெல்லாம் ஊகம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். எனக்கு வந்தது ஏழு அழுத்தல். பெட்டிக்குள் நாற்பத்தொன்று பதிவாகியிருக்கிறது என்று உங்கள் ஆள் சொல்கிறார். இருக்கும். பதிவு தவறாது.

சுதேஷைச் சாக விட்டவன் நான் என்று எழுதச் சொல்கிறீர்கள். எழுதிவிட்டேன், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் ஒரு வேண்டுகோள். ஜாக்கெட் கிடைத்த செய்தி சஞ்சீவனிக்கு இன்னும் போகவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. பின்னேரம் நான்கு மணிக்குச் சுதேஷ் குட்ஷெட்டுக்கு வருவார் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கு ஒரு புதுச் சட்டை வாங்கிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு போயிருப்பாள். புள்ளியைக் கையால்தான் நகர்த்த வேண்டும், வேறு யாருக்கும் அது தெரியாது. என் மடிக்கணினியை ஒரு பத்து நிமிடம் தாருங்கள். நான் கையை எடுத்தால் அந்த மனிதர் இன்றைக்கே செத்துப்போவார், ஓர் உயிர் போவதற்கு நான் காரணமாக இருக்க மாட்டேன்.