துடைத்ததில் போன கோடு

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி போகும் ஷேர் ஆட்டோ. எனக்கு எதிரே ஆராய்ச்சி மாணவிகள் இருவர். ஒருத்தி சொன்னாள்:

“உசுரோட இருக்கறத செத்துப்போச்சுன்னு எழுதிட்டேன்டி.”

டிரைவர் பாட்டை நிறுத்தினார்.

“கேலக்ஸிதானே, விடு,” என்றாள் தோழி.

“எப்டி விடறது? புது நட்சத்திரம் பொறக்குதுன்னா அதோட வெளிச்சத்தைப் பிரிச்சுப் பாத்தா ஹைட்ரஜன் கோடு தெரியணும். எனக்குத் தெரியல. அங்க இனிமே நட்சத்திரமே பொறக்காதுன்னு எழுதிட்டேன்.”

“கோடு இருந்துச்சு. நம்ம வானத்தோட வெளிச்சம் விழற அதே எடத்துல இருந்துச்சு. நீ வானத்து வெளிச்சத்தைத் துடைக்கறேன்னு அதையும் சேத்துத் துடைச்சிட்ட.”

“கிராஃப்ல அந்தக் கோட்டோட ஓரம் துளி மேடா மிச்சம் இருந்ததை நீதானே பாத்த? உன் வேலைய விட்டுட்டு நேத்து பூரா என்னோடதைப் பாத்துட்டு உக்காந்திருந்த. இல்லன்னா இன்னிக்கு அப்படியே கைடுகிட்ட குடுத்திருப்பேன். சாகறவரைக்கும் மறக்கமாட்டேன்டி.”

“டீ வாங்கிக் குடு, போதும்.”

வேலப்பன்சாவடியில் இருவரும் இறங்கினார்கள். காசை வாங்கிக்கொண்ட டிரைவர் ஆட்டோவைக் கிளப்பவில்லை.

“அப்போ அது நல்லா கீதாம்மா?”

“நல்லா இருக்குண்ணா. இன்னும் நட்சத்திரம் பொறந்துட்டுதான் இருக்கு.”

“அது போதும்மா.”

பாட்டை மறுபடி போட்டார், முன்னைவிடச் சத்தமாக.