வலது கால் ஷூக்களும் சுற்றுவழி விமானமும்

ஆல்வின்: பாஷா பாய், வண்டிய ஓரம் கட்டுங்க... சீக்கிரம்!

பாஷா: இன்னா தம்பி, சென்னை ஏர்போர்ட்டுக்குன்னு ஆம்பூர்ல ஏறி இப்பதான் வேலூர் சத்துவாச்சாரி வந்திருக்கோம். அதுக்குள்ள டீயா?

ஆல்வின்: டீ இல்ல, பாய். போன்ல டிக்கெட்ட இப்பதான் முழுசாப் படிச்சேன். இதுல பெட்டிக்கே எடம் இல்லயாம்!

பூர்ணிமா: இன்னா சார் சொல்றீங்க? டிக்கி முழுக்க சாம்பிள் ஷூ இருக்கு. நாளைக்குக் காலைல டில்லியில பையர் முன்னாடி பரப்பியாகணும்!

ஆல்வின்: தெரியும், மேடம்...

பூர்ணிமா: இல்லன்னா மொத்த ஆர்டரும் வேற ஃபேக்டரிக்குப் போய்டும். மொதலாளி ஹேமலதா மேடம் நம்ம தோல உரிச்சு, பதம் போட டேனரிக்கு அனுப்பிடுவாங்க.

ஆல்வின்: நான் ஷூவுக்குப் பேட்டர்ன் வெட்டுறவன். டிக்கெட் போடற வேலைய எங்கிட்ட குடுத்தது அவங்கதான? ஆளுக்கு ஏழு கிலோ, கைப்பை மட்டும்தானாம். பெட்டிக்குத் தனியா கட்டணும். அதுவும் ரெண்டு ஃப்ளைட்டுக்கும் தனித்தனியா.

பாஷா: ரெண்டு ஃப்ளைட்டா? டில்லிக்கு நேரா போறது ஒண்ணுகூட இல்லயா?

ஆல்வின்: அது... கெடைக்கல, பாய். ஹைதராபாத்ல எறங்கி, ஆறு மணி நேரம் கழிச்சு வேற கம்பெனி ஃப்ளைட்.

பூர்ணிமா: ஆறு மணி நேரமா! பாவம்... வேற வழியில்லாமதான புக் பண்ணீங்க, சார்?

ஆல்வின்: ஆமா... ஆமா. அந்த சைட்டுல கம்மியாப் போட்டிருந்தான்...

பாஷா: ஃப்ளைட்டுக்காரன்கிட்டயே வாங்காம நடுவுல ஒரு சைட்டு! இப்பிடித்தான் ஒரு கொக்கு தவளைகிட்ட வந்து, 'வா, இனாமா அக்கரைக்குக் கொண்டு போறேன்'னுச்சாம். தவளையும் முதுகுல ஏறிக்கிச்சு. நடு ஏரிக்கு மேல போனதும் கொக்கு சொல்லுச்சாம், 'ஏத்தினது இனாம்... எறக்கறதுக்குத் தனி!'

பூர்ணிமா: அப்புறம் தவளை இன்னா பண்ணுச்சு, பாய்?

பாஷா: இன்னா பண்ணும்? கஸ்டமர் கேருக்கு போன் போட்டுச்சு.

ஆல்வின்: நானும் போட்டுட்டுதான் இருக்கேன். பாட்டு ஓடுது, கேக்கலயா?

பூர்ணிமா: ஓடட்டும். நீங்க டிக்கியத் தொறங்க, பாய். அட்டப்பெட்டியெல்லாம் கழட்டிப் போட்டுட்டு, ஷூவ மட்டும் எங்க ரெண்டு பையிலயும் பிரிச்சு அடைக்கலாம். அதோ, தர்பூசணிக் கடையில எடை மெஷின் இருக்கு.

பாஷா: அண்ணாத்த, பழத்த கொஞ்சம் நகத்துப்பா, ஷூ நிறுக்கணும்... தம்பி, ரெண்டு பையும் ஜாஸ்தி!

பூர்ணிமா: எது சார் கனம்?

ஆல்வின்: பூட்ஸ்ங்கதான்.

பூர்ணிமா: அப்போ அதுங்கள கால்ல மாட்டிக்கலாம். ஜென்ட்ஸ் சாம்பிள் எல்லாம் உங்க காலுலதான போட்டுப் பாக்கறாங்க?

ஆல்வின்: லேடீஸ் உங்க காலுல... ஆனா மேடம், பையருக்குக் காட்டறதுக்கு ஒத்தக் கால்தான தைக்கிறோம். எல்லாமே வலது கால்!

பூர்ணிமா: இருக்கட்டும். எடது காலுக்கும் வலதையே மாட்டுங்க.

ஆல்வின்: ஐயோ... கட்ட வெரலு... அம்மா!

பாஷா: நட தம்பி, நட! ஹஹ்ஹா... ஒரு காலு டில்லிக்குப் போவுது, இன்னொண்ணு ஆம்பூருக்கே திரும்புது!

பூர்ணிமா: சிரிக்காதீங்க, பாய்... எனக்கும் ரெண்டும் ஒரே பக்கமா... புடிங்க சார், விழுந்துடுவேன்!

ஆல்வின்: புடிச்சிட்டேன்... புடிச்சிட்டேன்.

பாஷா: ஃபேக்டரியில எத்தினியோ பொண்ணுங்க காலு இருக்கு. தம்பி வெட்டின லேடீஸ் சாம்பிளுக்கு மட்டும் எப்பவும் பூர்ணிமா காலுதான் அளவு! சரி, விடு தம்பி. மெஷினப் பாரு... ரெண்டு பையும் ஏழுக்குள்ள வந்துடுச்சு!

பூர்ணிமா: அப்பாடா! ஆர்டர் தப்பிச்சுது.

ஆல்வின்: ஷ்ஷ்... பாட்டு நின்னுடுச்சு. ஹலோ! ஆமாங்க, ஆல்வின்தான்... மொத ஃப்ளைட்ட அரை மணி முன்னாடி வச்சிட்டாங்களா? அதனால... இனாமாவா? மேடம், வேணும்னா நேரா டில்லி போற ஃப்ளைட்டுக்கே மாத்தித் தர்றாங்களாம். பெட்டியும் போடலாமாம்.

பாஷா: அல்லா காப்பாத்திட்டான்! பூட்ஸக் கழட்டிட்டு சரின்னு சொல்லு!

ஆல்வின்: சொல்லட்டுமா... மேடம்?

பூர்ணிமா: போன இப்பிடிக் குடுங்க. ஹலோ... வேணாம்ங்க. இருக்கிறதே இருக்கட்டும். நாங்க முன்னாடியே போய்டறோம்... தேங்க்ஸ்.

ஆல்வின்: கட் பண்ணிட்டீங்களா!

பாஷா: இன்னாம்மா இது பேஜாரு? நேரா போறத விட்டுட்டு, ரெண்டு வலது காலோட சுத்திக்கிட்டுப் போறேன்ற?

ஆல்வின்: ஏன் மேடம்... ஏன் வேணாம்னீங்க?

பூர்ணிமா: நீ புக் பண்ணப்ப ஓ.டி.பி. என் போனுக்குத்தான வந்துச்சு, ஆல்வின்? உன் பின்னாடியே நின்னு பாத்தேன். நேரா போற ஃப்ளைட் மொத வரியிலயே இருந்துச்சு, வெலயும் அதேதான். நீ அதத் தாண்டி ஹைதராபாத்த அமுக்கின... நானும் ஒண்ணும் தெரியாத மாதிரி நம்பரச் சொன்னேன். ஆம்பூர்ல நாம நின்னு ரெண்டு வார்த்த பேசினா அந்தச் சேதி பக்கத்து ஊரு பேரணாம்பட்டு வரைக்கும் போய்டுது... இப்பதான் ஹைதராபாத்ல நமக்குக் கெடச்ச ஆறு மணி நேரம் ஆறரை ஆயிருக்கு, அதப் போய் மாத்தச் சொல்றியே!